தோட்டத்தில் கிடைத்த புலி பேட்ஜ்: இது எந்தப் படை, எந்த டிவிஷன்?

ஊவாக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளைக்கும் தியத்தலாவைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். ஆனாலும் பட்டாளத்துக் கணக்குகள் எனக்குப் பிடிபடுவதில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஏழு பேர்ச் காணியில் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது மாமா மகனின் மண்வெட்டியில் ஓர் உலோகப் பேட்ஜ் அகப்பட்டது. கழுவிப் பார்த்தால் நடுவில் ஒரு புலி. அதற்கு மேலே உள்ள பட்டியில் ஆங்கிலத்தில் 'ஹிந்துஸ்தான்' என்று தெளிவாக இருக்கிறது. கீழ்ப்பட்டியில் முன்பாதி தேய்ந்துபோய், 'ஷயர்' என்ற முடிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. புலியைக் கண்டதுமே அப்பாயி, "எடுத்த இடத்திலேயே புதைத்துவிடு, நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன சொல்லுவாய்" என்று சத்தம் போட்டார். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். 83ஐயும் அதற்குப் பிறகு வந்த சோதனைச் சாவடிகளையும் கண்டவர் அவர்.

தேடிப் பார்த்ததில் லெஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் என்று ஒரு பெயர் கிடைத்தது. அதன் 2ஆவது பட்டாலியன் 1942இல் இலங்கையில் இருந்ததாம். அங்கிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. ஓர் இடத்தில் அது 6ஆவது டிவிஷனின் 16ஆவது பிரிகேட் என்றும், இன்னோர் இடத்தில் 70ஆவது டிவிஷன் என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில், 6ஆவது டிவிஷனின் 16ஆவது பிரிகேட் 1942 ஜூலையில் இலங்கையை விட்டுப் புறப்பட்டு நியூகினிக்குச் சண்டைக்குப் போனது என்று இருக்கிறது. நான்காவது இடத்தில் அதே 16ஆவது பிரிகேட் பர்மாக் காட்டில் நடக்கிறது. ஒரே படை நியூகினியிலும் பர்மாவிலும் எப்படி இருக்க முடியும்? முதலில், டிவிஷன் என்பது எத்தனை பேர் கொண்டது?

—

மலைமுகில் எழுதியது:

ஹிந்துஸ்தான் என்று இருந்தால் இந்தியப் படைதான், இதில் ஆராய என்ன இருக்கிறது? எதற்கும் படத்தை இங்கே போட வேண்டாம். அப்பாயி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

—

பழைய கிளாக்கர் எழுதியது:

மலைமுகில் அவசரப்படுகிறார். அது இந்தியப் படை அல்ல, அச்சொட்டாக இங்கிலாந்துப் படை. லெஸ்டர்ஷயர் ரெஜிமென்ட், பழைய பெயரில் 17ஆவது காலாட்படை, 1804 முதல் 1823 வரை இந்தியாவில் கிடந்தது. அந்தச் சேவைக்காக 1825இல் புலிச் சின்னத்தையும் 'ஹிந்துஸ்தான்' என்ற பட்டத்தையும் அரசர் கொடுத்தார். அந்த ரெஜிமென்ட்காரர்களைப் 'புலிகள்' என்றே கூப்பிடுவார்கள். அப்பாயியிடம் இதை மட்டும் சொல்ல வேண்டாம்.

பிரித்தானியப் படையில் புலி வேறு ரெஜிமென்ட்டுகளுக்கும் உண்டு. யோர்க் அன்ட் லங்காஸ்டர் பேட்ஜில் புலியோடு ரோஜாவும் இருக்கும். ஹம்ப்ஷயர் பேட்ஜிலும் புலி, ரோஜா இரண்டும் உண்டு, அந்தப் பெயரும் 'ஷயர்' என்றுதான் முடியும். ஆனால் புலிக்கு மேலே ஹிந்துஸ்தான் இருந்தால் லெஸ்டர்தான். கீழ்ப்பட்டியில் 'றோயல்' என்ற சொல்லுக்கு இடமிருந்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தப் பட்டம் அவர்களுக்கு 1946இல்தான் கிடைத்தது. இல்லையென்றால் உங்கள் பேட்ஜ் அதற்கு முந்தியது. ஒரு வேண்டுகோள்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சமிருக்கிற எழுத்தும் போய்விடும்.

இனி டிவிஷன் கணக்கு. நான் தோட்ட ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். ஒரு பெரிய துரைக்குக் கீழே மூன்று சின்னத் துரைமார். ஒவ்வொரு சின்னத் துரைக்கும் மூன்று கணக்கப்பிள்ளைமார். அவர்களுக்குக் கீழே கங்காணிமாரும் ஆட்களும். பெரிய துரை இருக்கும் இடத்தில் டிவிஷன், அதை நடத்துபவர் மேஜர் ஜெனரல். சின்னத் துரைமார் மூன்று பிரிகேட்டுகள். கணக்கப்பிள்ளைமார் ஒன்பது பட்டாலியன்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 800 பேர். பட்டாலியனுக்குள் நான்கு ரைபிள் கம்பனிகள், கம்பனிக்கு மூன்று பிளட்டூன்கள், பிளட்டூனுக்கு மூன்று செக்ஷன்கள், செக்ஷனில் பத்துப் பேர்.

ஒன்பதை 800ஆல் பெருக்கினால் 7,200தான் வருகிறது. ஆனால் 1941ஆம் ஆண்டுத் திட்டப்படி ஒரு பிரித்தானியக் காலாட்படை டிவிஷனின் முழுத் தொகை 17,298. மீதி ஆட்கள் எங்கே? தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? தொழிற்சாலை, ஸ்டோர், லொறி, டிஸ்பென்சரி எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமே. அதுபோல டிவிஷனுக்கு மூன்று பீரங்கி ரெஜிமென்ட்டுகள் உண்டு. (லெஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்களுக்குப் பொதுவான குடும்பப் பெயர். பீரங்கிக்காரரிடம் ரெஜிமென்ட் என்றால் பட்டாலியன் போன்ற ஒரு தனிப் பிரிவு.) ஒவ்வொன்றிலும் 24 பீரங்கிகள், ஆக 72. 25 இறாத்தல் குண்டு சுடுகிற பீரங்கி. டாங்கியை அடிக்க ஒரு ரெஜிமென்ட், விமானத்தை அடிக்க ஒன்று, பாலம் கட்டவும் கண்ணிவெடி எடுக்கவும் பொறியியல் கம்பனிகள், தந்தி தொலைபேசிக்காரர்கள், லொறிக்காரர்கள், காயக்காரரைத் தூக்குகிற அம்புலன்ஸ் பிரிவுகள். ஒரு டிவிஷன் தனியாக நின்று சண்டை பிடிப்பது இவர்களால்தான். பிரிகேட்டுக்கு அந்தச் சொத்தெல்லாம் சொந்தமாகக் கிடையாது.

இவ்வளவும் காகிதத்தில். செக்ரோல் என்ற ஆள் கணக்குப் பதிவேடு எழுதியவனுக்குத் தெரியும், பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பினால் பெயர் இங்கே இருக்கும், வேலை அங்கே நடக்கும். உங்கள் லெஸ்டர்காரர்கள் கதை முழுக்க அப்படித்தான். 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பராணியில் இத்தாலியரோடு மோதியபோது அவர்களுடைய 16ஆவது பிரிகேட் இந்திய 4ஆவது டிவிஷனுக்கு இரவல் போயிருந்தது. 1941 பெப்ரவரியில் பிரித்தானிய 6ஆவது டிவிஷனை எகிப்தில் மறுபடி நிறுவியபோது அதில் சேர்ந்தது. மே மாதம் ஜேர்மன் பரசூட் படை கிரீட் தீவில் இறங்கியபோது, லெஸ்டர் பட்டாலியன் ஹெராக்லியோனில் 14ஆவது பிரிகேட்டோடு நின்றது. மே 28ஆம் திகதி இரவு அங்கிருந்து கப்பலில் ஏற்றினார்கள். வழி முழுக்கக் குண்டு. ஒரு மாதம் ஆறினார்களா என்றால் அதுவும் இல்லை, ஜூன், ஜூலையில் சிரியாவில், ஜேர்மனியோடு இணங்கிப்போன விஷி அரசின் பிரெஞ்சுக்காரரோடு சண்டை.

அதன் பிறகு டோப்ருக். லிபியாவில் முற்றுகைக்குள் இருந்த அந்தத் துறைமுகத்தை அவுஸ்திரேலிய 9ஆவது டிவிஷன் பல மாதங்கள் காத்துக் களைத்துவிட்டது. நிலா இல்லாத இரவுகளில் நாசகாரிக் கப்பல்களில் 6ஆவது டிவிஷனை உள்ளே இறக்கி அவர்களை வெளியே ஏற்றினார்கள். அந்த வேளையில், 1941 ஒக்டோபர் 10ஆம் திகதி, எதிரியின் கணக்கைக் குழப்புவதற்காக 6 என்ற இலக்கத்தை 70 ஆக்கினார்கள். உங்கள் முதல் இரண்டு பக்கங்களும் ஒரே படையைத்தான் சொல்கின்றன. ஆட்கள் அவர்களே, பலகை மட்டும் வேறு.

நவம்பர் 21ஆம் திகதி 70ஆவது டிவிஷன் டோப்ருக் வேலிக்குள் இருந்து வெளியே பாய்ந்தது. ஜெனரல் ஸ்கோபி தலைமை. அவரிடம் மூன்று பிரிகேட்டுகள்: 14, 16, 23. அதோடு போலந்துக்காரரின் கார்பதியன் பிரிகேட், ஒரு டாங்கிப் பிரிகேட். டிவிஷனில் இருந்த பிளாக் வாட்ச் என்ற ஸ்கொட்லாந்துப் பட்டாலியன் அந்த ஒரு நாளில் தன் ஆட்களில் பெரும்பகுதியை இழந்தது. 26ஆம் திகதி எட் டூடா மேட்டைப் பிடித்து நியூஸிலாந்துக்காரரோடு கைகோத்தார்கள். இந்த டிவிஷன் முழு டிவிஷனாக நின்று பிடித்த பெருஞ்சண்டை இது ஒன்றுதான். இதற்கு முன்னும் பின்னும் துண்டு துண்டாகத்தான் அதைக் காணலாம்.

இப்போது இலங்கை. 1942இன் தொடக்கத்தில் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான். 70ஆவது டிவிஷனை மத்திய கிழக்கில் இருந்து கிழக்கே அனுப்பினார்கள். மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் விழுந்தது. டிவிஷனின் பெரும்பகுதி இந்தியாவுக்குப் போக, 16ஆவது பிரிகேட்டை மட்டும் இலங்கையில் இறக்கினார்கள். '70ஆவது டிவிஷன் இலங்கையில் இருந்தது' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. இருந்தது மூன்றில் ஒரு பங்கு. 1943இன் தொடக்கம் வரை இருந்தது.

அதே மார்ச்சில் அவுஸ்திரேலியாவின் 6ஆவது டிவிஷனில் இருந்து இரண்டு பிரிகேட்டுகள் இங்கே இறங்கின: 16உம் 17உம். பாருங்கள் கூத்தை! ஒரே தீவில், ஒரே நேரத்தில், இரண்டு 16ஆவது பிரிகேட்டுகள். ஒன்று அவுஸ்திரேலிய 6ஆவது டிவிஷனுடையது. மற்றது நேற்றுவரை 6 என்று இருந்து 70 ஆன பிரித்தானிய டிவிஷனுடையது. ஜூலையில் புறப்பட்டு, பிறகு நியூகினியின் கொக்கோடாப் பாதையில் சண்டை பிடித்தது அவுஸ்திரேலியர். பர்மாவில் நடந்தது உங்கள் புலிகள். இணையத்தில் இரண்டையும் ஒன்றாக அரைத்துவிட்டார்கள்.

ஆகவே தம்பி, டிவிஷன் இலக்கத்தை வைத்துத் தேடாதீர்கள். அது அடிக்கடி மாறும், கலையும், இன்னொரு நாட்டுப் படையிலும் அதே இலக்கம் இருக்கும். ஒரு சிப்பாய்க்கு ஊர் என்பது அவனுடைய பட்டாலியன். 2ஆவது லெஸ்டர் என்று பிடித்துக்கொண்டு போங்கள், எங்கே இரவல் போனாலும் ஆள் தவறாது.

—

ஊவாக்காற்று எழுதியது:

கிளாக்கர் ஐயாவுக்குப் பெரிய நன்றி. 'றோயல்' இல்லை, அதற்கு இடமும் இல்லை. இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. இவர்களை இங்கே எதற்காக இறக்கினார்கள்? பிறகு அந்த 70ஆவது டிவிஷன் என்ன ஆனது? போர் முடிந்த பட்டியல்களில் அந்த இலக்கத்தையே காணவில்லை.

பக்கத்து லயத்தில் ஒரு பெரியவர், வெள்ளைக்காரரை விட ஆபிரிக்கச் சிப்பாய்களைப் பற்றித்தான் தன் தகப்பன் அதிகம் பேசுவார் என்கிறார். அவர்கள் யார்?

—

பழைய கிளாக்கர் எழுதியது:

எதற்கு இறக்கினார்கள் என்றால், சிங்கப்பூர் போய்விட்டது, ரங்கூன் போய்விட்டது, அடுத்தது இலங்கை என்று எல்லோரும் பயந்தார்கள். பயம் வீணும் அல்ல. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மலாயா போனபிறகு நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைக்கிற பெரிய இடம் இலங்கைதான். மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள். நமது பக்கத்தில் அந்தப் போர் சோற்றுப் பானையில் தெரிந்தது. பர்மா அரிசி நின்றது, கூப்பன் வந்தது. என் தகப்பனார் யுத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் துப்பாக்கி வராது, கோதுமை மாவுதான் வரும்.

70ஆவது டிவிஷனின் முடிவு எனக்கு எப்போதும் கசப்பான விஷயம். இந்தியாவில் இருந்த அதன் மற்ற இரண்டு பிரிகேட்டுகளும் கிழக்கில், வங்காளம், பீகார்ப் பக்கம் நின்றன. 1942 ஓகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் வெடித்தபோது அந்தப் படையையும் அடக்குமுறைக்கு இறக்கினார்கள். டோப்ருக்கில் ஜேர்மன்காரனோடு மோதியவர்கள் பீகாரில் ரெயில் பாதைக்குக் காவல். படை வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.

அங்கே டிவிஷன் காட்டுப் போருக்குப் பழகியது. அந்தப் பழக்கத்தோடு அதை முழுதாகப் பர்மாவுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் 1943 ஓகஸ்டில் கியூபெக் மாநாட்டுக்கு வின்கேட் என்ற தளபதியைச் சேர்ச்சில் கூட்டிக்கொண்டு போனார். எதிரிக்குப் பின்னால் காட்டுக்குள் இறங்கித் தாக்கும் சிண்டிட் படையின் தலைவர். அவர் கேட்ட ஆள்பலத்துக்காக 70ஆவது டிவிஷனைக் கலைத்தார்கள். இந்தியாவின் தலைமைத் தளபதி ஒகின்லெக் எதிர்த்தார், பலிக்கவில்லை. பர்மாப் போரை நடத்திய தளபதி ஸ்லிமும் பின்னாளில் அதைக் குறைதான் சொன்னார். டிவிஷனின் தளபதி சைம்ஸ், வின்கேட்டை விடப் பணியில் மூத்தவர். தன் டிவிஷனைக் கலைத்தவருக்கே துணைத் தளபதியாக இருக்கச் சம்மதித்தார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இருந்திருக்காது.

பீரங்கிக்காரர்கள் பீரங்கியை விட்டுவிட்டுக் காலாட்படை ஆனார்கள். பட்டாலியன்களை இரண்டிரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றிலும் சுமார் 400 பேரும் கோவேறு கழுதைகளுமாக, 'கொலம்' என்ற அணிகளாக்கினார்கள். லெஸ்டரின் இரண்டு அணிகளுக்கும் இலக்கம் 17, 71. பழைய 17ஆவது காலாட்படையின் இலக்கத்தை நேராகவும் தலைகீழாகவும் வைத்தார்கள். பேர்கஸன் என்ற பிரிகேடியர் தலைமையில் 16ஆவது பிரிகேட் மட்டும் 1944 பெப்ரவரியில் அசாமின் லெடோவில் இருந்து நடந்தே பர்மாவுக்குள் போனது. மற்ற சிண்டிட் பிரிகேட்டுகளைப் பெரும்பாலும் விமானத்தில் இறக்கினார்கள். இவர்கள் மழையில், செங்குத்து மலையில், முதுகுச் சுமையோடு பர்மாவின் சின்ட்வின் ஆற்றைத் தாண்டி இன்டோ என்ற ஊர் வரை நடந்தார்கள். களைப்பாற நேரம் கொடுக்காமல் மார்ச் கடைசியில் இன்டோவைத் தாக்கச் சொன்னார்கள். அது கைகூடவில்லை, சில அணிகள் தண்ணீர் இல்லாமல் தவித்தன. வின்கேட் மார்ச் 24ஆம் திகதியே விமான விபத்தில் இறந்துவிட்டார். மே மாதம் பிரிகேட்டை விமானத்தில் வெளியே எடுத்தார்கள். அதே டிவிஷனின் 23ஆவது பிரிகேட்டை வின்கேட்டின் படையில் இருந்தும் பிரித்து, கொஹிமாச் சண்டைக்கு உதவியாக நாகா மலைக்கு அனுப்பியிருந்தார்கள். மறுபடியும் இரவல்!

—

கண்டிக்காரி எழுதியது:

ஆபிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி நான் சொல்கிறேன். 21ஆவது கிழக்கு ஆபிரிக்கப் பிரிகேட் 1942 மார்ச்சிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு 25, 26ஆவது பிரிகேட்டுகளோடு சேர்த்து 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் ஆக்கினார்கள். சின்னம் காண்டாமிருகம். பெரும்பாலும் கிங்ஸ் ஆபிரிக்கன் ரைபிள்ஸ் பட்டாலியன்கள். இன்றைய கென்யா, உகண்டா, தன்சானியா, மலாவி நாட்டு இளைஞர்கள், அதிகாரிகள் வெள்ளையர். இலங்கையில் காட்டுப் பயிற்சி முடித்து 1944 நடுப்பகுதியில் பர்மாவுக்குப் போனார்கள். கொட்டுகிற பருவமழையில் கபாவ் பள்ளத்தாக்கு வழியாக ஜப்பானியரை விரட்டி, டிசம்பரில் கலேவாவைப் பிடித்தார்கள். கிளாக்கர் ஐயா சொன்ன டிவிஷனைப் போல இது உடையவில்லை, முழுதாகவே போய்ச் சண்டை பிடித்தது. ஆனால் பேசுபவர்கள் குறைவு.

கண்டியில் யுத்த மயானம் இருக்கிறது. சுமார் 200 கல்லறைகள். பிரித்தானியர், இந்தியர், இலங்கையர் நடுவே கிழக்கு ஆபிரிக்கர் பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் பேராதனைப் பூங்காவுக்குப் போய், மவுன்ட்பேட்டன் 1944இல் தலைமையகம் வைத்த இடம் என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இங்கே வருபவர்கள் குறைவு. கடலில் போனவர்களுக்குக் கல்லறையும் இல்லை. மொம்பாசாவில் இருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பல் 1944 பெப்ரவரி 12ஆம் திகதி மாலைதீவுப் பக்கம் டோர்பிடோ பட்டு சில நிமிடங்களில் மூழ்கியது. 1,297 பேர் இறந்தார்கள். கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையின் ஒரு ரெஜிமென்டே அதில் இருந்தது. தாதிமாரும் இருந்தார்கள்.

—

தேயிலைத்தூள் எழுதியது:

ஒரு சந்தேகம். அந்த பேட்ஜ் 1942இல் வந்த சிப்பாயுடையது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? முதலாம் யுத்தத்தில் தங்கள் ஊர் ரெஜிமென்ட்டுகளில் இருந்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்த துரைமார் எத்தனை பேர்! பழைய பேட்ஜை ஒரு துரை மேசையில் வைத்திருக்கலாம். பங்களாக் குப்பையோடு வந்திருக்கலாம்.

—

பழைய கிளாக்கர் எழுதியது:

நல்ல கேள்வி. முடிவு கட்டவில்லை. 1946க்கு முந்தியது என்பதோடு பேட்ஜின் சாட்சி முடிகிறது. துரைமாருக்குக் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தனிப் படையே இருந்தது, அதற்குச் சின்னம் வேறு. ஆனால் சீமையில் சேவை செய்துவிட்டு வந்தவர் பழைய பேட்ஜை வைத்திருப்பதில் அதிசயம் இல்லை. அத்திவாரம் வெட்டிய இடம் பழைய பங்களா வளவா, லயத்து வளவா, ரோட்டோரமா என்று தம்பி முதலில் சொல்லட்டும். அருகில் வேறென்ன கிடைத்தது என்பதும் முக்கியம். தோட்டாக் கோது, இடுப்புப் பட்டிக் கொக்கி, பொத்தான் என்றால் கதை ஒரு பக்கம் சாயும். உடைந்த பீங்கான், மதுப் போத்தல் என்றால் தேயிலைத்தூள் பக்கம் சாயும்.

சிப்பாய் பக்கம் சாய்ந்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பட்டாலியன்களின் யுத்த நாட்குறிப்புகள் இருக்கின்றன. மத்திய கிழக்குக் காலத்துக்கு டபிள்யூ.ஓ. 169 என்ற வரிசை, தென்கிழக்காசியப் படைகளுக்கு டபிள்யூ.ஓ. 172. மாதம் மாதமாக, எந்த முகாம், எத்தனை பேர் காய்ச்சலில் என்பது வரை எழுதியிருப்பார்கள். கடிதத்தில் '70ஆவது டிவிஷன்' என்று கேட்டால் ஜெனரல்மாரின் காகிதம்தான் வரும். '2ஆவது லெஸ்டர்ஷயர் பட்டாலியன், 1942 மார்ச் முதல் 1943 தொடக்கம் வரை' என்று கேளுங்கள். லெஸ்டர் நகரத்து நியூவார்க் ஹவுஸஸ் அருங்காட்சியகத்தில் இந்த ரெஜிமென்ட்டுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, பேட்ஜின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அங்கேயும் அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும்.

—

ஊவாக்காற்று எழுதியது:

லயத்து வளவுதான் ஐயா, ஆனால் பழைய வண்டிப் பாதை அதன் மேல்பக்கமாகப் போகிறது. சனிக்கிழமை மீதி அத்திவாரம் வெட்டுகிறார்கள். மண்ணைச் சல்லடையில் போட்டுப் பார்க்கும்படி மாமா மகனிடம் சொல்லியிருக்கிறேன், பணம் ஏதாவது கிடைத்தால் தனக்கு என்கிறான்.